பிர்னோ வழியாக டெரெசினுக்கு

பிராக் நகரத்துக்கு வரும் பயணிகளில் பலர் ஒரு நாளை டெரெசினுக்கு ஒதுக்கிவிடுகிறார்கள். காலையில் ஹோலெஷோவிட்சே நிலையத்தில் பஸ் ஏறினால் ஒரு மணி நேரப் பயணம். நாஜிகள் யூதர்களை அடைத்துவைத்த அந்தக் கோட்டை நகரத்தைப் பார்த்துவிட்டு மாலைக்குள் திரும்பிவிடலாம். பாவெல் ஹாஸ், ஹான்ஸ் கிராசா, விக்டர் உல்மன், கிடியோன் க்ளைன் என்ற இசையமைப்பாளர்களின் பெயர்களைப் பெரும்பாலானோர் முதன்முதலாகக் கேட்பது அங்கேதான். அதனால் அவர்கள் முகாமிலேயே பிறந்து, முகாமிலேயே எழுதி, முகாமோடு முடிந்துபோனவர்கள் என்ற எண்ணம் மனத்தில் படிந்துவிடுகிறது.

பாவெல் ஹாஸ் டெரெசினுக்குள் அடைக்கப்பட்டபோது அவருக்கு வயது 42. அதற்கு முந்தைய வாழ்க்கை முழுவதும் செக் குடியரசின் இரண்டாவது பெரிய நகரமான பிர்னோவில் கழிந்தது. அவருடைய இசையைப் புழுதி தட்டி மீண்டும் மேடைக்குக் கொண்டுவந்தவர்களில் முக்கியமான ஒருவரும் பிர்னோக்காரர். ஆகவே நான் முதலில் பிர்னோவுக்குப் போனேன்.

பிர்னோவில் இசை தேடி வருகிறவர்கள் பார்க்கும் முதல் இடம் ஸ்மெத்தனோவா தெருவில் உள்ள யானாச்செக்கின் வீடு. ஆர்கன் பள்ளியின் தோட்டத்துக்குள் கட்டப்பட்ட சிறிய ஓட்டு வீடு அது. 1910 முதல் 1928-இல் இறக்கும்வரை யானாச்செக் அங்கேதான் வாழ்ந்தார். அவருடைய பியானோ இன்னும் இருக்கிறது. சந்தையில் காய் விற்கும் பெண் விலை சொல்வதையும், குழந்தை அழுவதையும், நாய் குரைப்பதையும்கூட ஸ்வரமாகக் குறித்துவைத்தவர் அவர். மனிதப் பேச்சின் ஏற்ற இறக்கத்திலிருந்தே இசை பிறக்கவேண்டும் என்று நம்பினார். 1920 முதல் 1922 வரை அவரிடம் உயர்நிலை வகுப்பில் படித்த மாணவர்களில் ஹாஸும் ஒருவர். யானாச்செக்கின் மாணவர்களிலேயே அவர்தான் மிகுந்த திறமைசாலி என்று இன்று இசை ஆய்வாளர்கள் எழுதுகிறார்கள். வாழ்ந்த காலத்தில் அந்தப் பெயர் அவருக்குச் சோறு போடவில்லை. ஹாஸின் தந்தை பிர்னோவில் செருப்புக்கடை வைத்திருந்தார். படிப்பு முடிந்தபின் ஹாஸ் அந்தக் கடையில் வேலை பார்த்துக்கொண்டே எழுதினார். தனியாகப் பாடம் சொல்லிக்கொடுத்தார். நாடகங்களுக்கும் திரைப்படங்களுக்கும் இசையமைத்தார். அவருடைய தம்பி ஹூகோ ஹாஸ் அப்போது செக் திரையுலகில் பெரிய நடிகர்.

ஐம்பதுக்கும் மேற்பட்ட படைப்புகளை எழுதிய ஹாஸ், அவற்றில் 18-க்கு மட்டுமே வரிசை எண் கொடுத்தார். மற்றவை தம் தரத்துக்கு எட்டவில்லை என்று நினைத்தவர். இவ்வளவு கண்டிப்பான மனிதர் 26 வயதில் எழுதிய இரண்டாவது நால்வர் இசையைக் கேட்டால் அந்தக் கண்டிப்பு எங்கே போனது என்று வியப்பாக இருக்கும். அத்தனை விளையாட்டு அதில். 1925 கோடையில் மொராவிய மேட்டு நிலத்தில் தங்கியபோது எழுதியது. அந்தப் பகுதியை பிர்னோக்காரர்கள் வேடிக்கையாகக் ‘குரங்கு மலைகள்’ என்பார்கள். அதுவே தலைப்பாகிவிட்டது. ஒரு பகுதியில் குதிரை வண்டி மேடேறும்போது வண்டியும் குதிரையும் முக்கி முனகுவதைத் தந்திகளை வழுக்கவைத்தே காட்டிவிடுகிறார். கடைசிப் பகுதியின் பெயர் ‘கட்டற்ற இரவு’. இரண்டு வயலின், ஒரு வியோலா, ஒரு செல்லோ என்ற நால்வர் இசைக்குள் திடீரென்று ஜாஸ் தாள வாத்தியங்கள் புகுந்து ஆட்டம் போடும். 1926-இல் பிர்னோவில் முதன்முறை வாசித்தபோது இது பலருக்குப் பிடிக்கவில்லை. மரியாதைப்பட்ட நால்வர் இசையில் டிரம் எதற்கு என்று கேட்டார்கள். ஹாஸ் அந்தத் தாளப் பகுதியை எடுத்துவிட்டார்.

2002-இல் பிராகில் தொடங்கிய ஒரு நால்வர் குழு தனக்கு ‘பாவெல் ஹாஸ் குவார்ட்டெட்’ என்று பெயர் வைத்துக்கொண்டது. அவர்களுடைய முதல் இசைத்தட்டிலேயே இந்தப் படைப்பு இடம்பெற்றது. தாள வாத்தியங்களைத் திரும்பச் சேர்த்து வாசித்திருந்தார்கள். அந்தத் தட்டு பிரிட்டனின் கிராமபோன் விருதைப் பெற்றது. உலகத்தின் பெரிய அரங்குகளில் அந்தக் குழு ஏறும்போதெல்லாம் அறிவிப்பில் ஹாஸின் பெயர் ஒலிக்கிறது. புறக்கணிக்கப்பட்ட ஒருவரை நினைவில் நிறுத்த இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

யானாச்செக்கின் வீட்டிலிருந்து நடந்தே மாஹென் அரங்குக்குப் போகலாம். 1882-இல் திறக்கப்பட்ட இந்த அரங்கில் எடிசனின் மின்விளக்குகள் தொடக்கத்திலிருந்தே எரிந்தன. தம் விளக்குகளைப் பார்க்க 1911-இல் எடிசனே வந்து போனார். ஹாஸின் ஒரே ஓபரா ‘ஷர்லத்தான்’ 1938 ஏப்ரல் 2 அன்று பிர்னோவில் மேடையேறியது. போலி மருத்துவர் என்பது தலைப்பின் பொருள். ஊர் ஊராகப் போய்க் கூட்டம் சேர்த்து வைத்தியம் பார்க்கும் ஒருவனின் கதை. சிரிப்பும் கொடுமையும் ஒன்றாகப் பின்னிய கதை. கதையை ஹாஸ் எடுத்தது யோசெஃப் விங்க்லர் என்ற ஜெர்மானிய எழுத்தாளரின் நாவலிலிருந்து. ஜெர்மனியின் இனச் சட்டங்களின்படி யூதர் ஒருவருக்குத் தம் கதையைக் கொடுத்தார் என்று தெரிந்தால் விங்க்லருக்கு ஆபத்து. அதனால் மூலத்தை மறைத்தார் ஹாஸ். நாயகனுக்குப் பழைய செக் நாடகம் ஒன்றிலிருந்து புஸ்த்ர்பால்க் என்ற பெயரைக் கடன் வாங்கிச் சூட்டினார்.

நாட்களை அடுக்கிப் பார்த்தால் நெஞ்சு கனக்கிறது. மார்ச் மாதம் ஹிட்லரின் படை ஆஸ்திரியாவுக்குள் புகுந்தது. வியன்னா பிர்னோவுக்குப் பக்கத்து ஊர்தான். ஏப்ரலில் ஓபரா அரங்கேறியது. ஸ்மெத்தனா அறக்கட்டளையின் பரிசும் கிடைத்தது. மே மாதம் ட்யூஸல்டோர்ஃப் நகரத்தில் நாஜிகள் ‘சீரழிந்த இசை’ என்று கண்காட்சி வைத்து யூதர்களின் இசையையும் ஜாஸையும் இழிவுபடுத்தினார்கள். மறு ஆண்டு மார்ச் 15-இல் ஜெர்மன் படை பிர்னோவுக்குள் வந்தது. அத்துடன் ஹாஸின் இசைக்கு மேடை இல்லாமல் போனது.

ஹாஸின் மனைவி சோன்யா யூதர் அல்லர். ரஷ்ய நாட்டு மருத்துவர். அவரும் சிறு குழந்தையான மகள் ஓல்காவும் தப்பவேண்டும் என்பதற்காக ஹாஸ் சட்டப்படி மணவிலக்குப் பெற்றார். அந்த நாட்களில் ஒரு சிம்பொனி எழுதத் தொடங்கினார். அதன் இரண்டாம் பகுதியில் நாஜிக் கட்சிப் பாட்டையும் ஷோப்பானின் சாவு ஊர்வல இசையையும் கோத்து நையாண்டி செய்திருக்கிறார். வெளியே நாஜிகள் அந்தப் பாட்டைப் பாடிக்கொண்டு அணிவகுத்துப் போன காலத்தில் உள்ளே ஒருவர் இப்படி எழுதிக்கொண்டிருந்தார்! சிம்பொனி முடியவில்லை. பிர்னோ யூதர்களை ரயிலேற்றுவதற்கு முன் மெர்ஹவுட்டோவா தெருவின் பள்ளிக் கட்டடத்தில் கூட்டிவைத்தார்கள். 1941 டிசம்பர் தொடக்கத்தில் ஹாஸ் டெரெசினுக்கு அனுப்பப்பட்டார். அந்தத் தெருவில் நடந்துபோனேன். டிராம் ஓடும் சாதாரணத் தெரு. 

பிர்னோவிலிருந்து பிராகுக்கு ரயிலில் இரண்டரை, மூன்று மணி நேரம். பிராக் தலைமை ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்தால் பக்கத்திலேயே ஸ்டேட் ஓபரா. 1888-இல் பிராகின் ஜெர்மன் மொழிக்காரர்கள் தங்களுக்கென்று கட்டிக்கொண்ட அரங்கு. 1933-இல் ஹான்ஸ் கிராசாவின் ‘கனவில் ஒரு நிச்சயதார்த்தம்’ என்ற ஓபரா இங்கே அரங்கேறியது. நடத்தியவர் ஜார்ஜ் செல். பின்னாளில் அமெரிக்காவின் க்ளீவ்லாண்ட் இசைக்குழுவை உலகப் புகழுக்கு உயர்த்திய அதே செல். தஸ்தயேவ்ஸ்கியின் குறுநாவலைத் தழுவிய அந்தப் படைப்பு அதன்பின் அறுபது ஆண்டுகள் உறங்கியது. 1994-இல் அதை எழுப்பி பிராகில் மீண்டும் நடத்தியவர் இஸ்ரேல் யினோன்.

யினோன் 1956-இல் இஸ்ரேலின் கஃபார் சாபாவில் பிறந்தார். வாழ்வின் பெரும்பகுதியை ஜெர்மனியில் கழித்தார். மறக்கப்பட்ட இசையமைப்பாளர்களைத் தேடுவதையே வேலையாக வைத்துக்கொண்ட நடத்துநர். கிராசா, உல்மன், ஷுல்ஹோஃப் என்று அவர் தொட்டவர்கள் பலர். ஹாஸுக்கு அவர் செய்தது பெரிது. ‘ஷர்லத்தான்’ முழுவதையும் பிராக் ஸ்டேட் ஓபராவின் கலைஞர்களைக் கொண்டு பதிவு செய்தார். 1998-இல் டெக்கா நிறுவனம் வெளியிட்டது. அதே ஆண்டு அயர்லாந்தின் வெக்ஸ்ஃபர்ட் ஓபரா விழாவில் அதை மேடையேற்றினார். முடியாமல் கிடந்த சிம்பொனியை பிர்னோ இசையமைப்பாளர் ஸ்டெனெக் சோஹார் நிறைவு செய்ததும், அதையும் பிர்னோ இசைக்குழுவுடனேயே பதிவு செய்தார்.

இந்த வேலையின் கடினம் வெளியே தெரிவதில்லை. பீத்தோவன் சிம்பொனியை நடத்துகிறவருக்கு முன்னால் நூற்றுக்கணக்கான பதிவுகள் இருக்கின்றன. வாத்தியக்காரர்களின் விரல்களுக்கே அது தெரியும். அறுபது ஆண்டுகளாக யாரும் வாசிக்காத ஒன்றைக் கையிலெடுப்பவருக்கு வழிகாட்ட யாரும் கிடையாது. கையெழுத்துப் பிரதியில் மை மங்கியிருக்கும். ஓர் இடத்தில் இருப்பது படைப்பாளி வேண்டுமென்றே எழுதிய அபஸ்வரமா, நகல் எடுத்தவரின் பிழையா என்று ஒவ்வொரு வரியிலும் முடிவெடுக்க வேண்டும். ஒவ்வொரு வாத்தியத்துக்கும் தனித்தனித் தாள்கள் தயாராக வேண்டும். ஒத்திகைக்குக் கிடைக்கும் நேரமோ கொஞ்சம். இவ்வளவும் முடிந்தபின், பெயர் கேள்விப்படாத ஒருவரின் இசைக்கு யார் டிக்கெட் வாங்குவார்கள் என்ற அரங்க நிர்வாகத்தின் கேள்வி வேறு. இதையெல்லாம் திரும்பத் திரும்பச் செய்தார் யினோன். 2015 ஜனவரி 29 அன்று சுவிட்சர்லாந்தின் லூசெர்ன் நகரத்தில், இளைஞர் இசைக்குழு ஒன்றை நடத்திக்கொண்டிருந்தபோது மேடையிலேயே சரிந்து இறந்தார். வயது 59.

டெரெசினுக்கு நான் பஸ்ஸில் போகவில்லை. ரயிலில் பொஹூஷோவிட்சே நிலையத்தில் இறங்கி நடந்தேன். கோட்டைக்குள் தண்டவாளம் போடப்பட்டது 1943-இல்தான். அதற்குமுன் வந்தவர்கள் எல்லோரும், ஹாஸ் உட்பட, இந்தச் சுமார் மூன்று கிலோமீட்டரை மூட்டை முடிச்சுகளுடன் நடந்துதான் கடந்தார்கள். வயலும் வீடுகளுமாகத் தட்டையான பாதை. வெறுங்கையோடு கோடையில் நடப்பவனுக்கு அது ஒன்றும் தூரமில்லை. டிசம்பர் குளிரில் வயதானவர்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்பதைக் கால்கள் ஓரளவு சொல்கின்றன.

இரண்டாம் ஜோசப் பேரரசர் 1780-இல் கட்டத் தொடங்கித் தம் தாய் மரியா தெரெசாவின் பெயரைச் சூட்டிய கோட்டை நகரம் இது. போருக்குமுன் ஏறத்தாழ ஏழாயிரம் பேர் வாழ்ந்த இடத்தில் 1942 செப்டம்பரில் 58,000 பேரை அடைத்தார்கள். மொத்தம் சுமார் 1,40,000 பேர் இங்கே கொண்டுவரப்பட்டார்கள். 33,000-க்கும் மேற்பட்டோர் பசியாலும் நோயாலும் இங்கேயே இறந்தார்கள். சுமார் 87,000 பேர் கிழக்கே கொலைக்களங்களுக்கு அனுப்பப்பட்டார்கள். இந்த எண்களுக்கு மேல் முகாமைப் பற்றி நான் சொல்லப்போவதில்லை. அதைச் சொல்ல டெரெசினின் அருங்காட்சியகங்கள் இருக்கின்றன.

மாக்டெபுர்க் பாசறையின் மாடியில் இசைக்கான காட்சிக்கூடம் இருக்கிறது. கிராசாவின் சிறுவர் ஓபரா ‘புருண்டிபார்’ 1943 செப்டம்பர் 23-இல் இதே பாசறையில் தொடங்கி 55 முறை நடந்தது. ரஃபேல் ஷேக்டர் ஒரே ஒரு ஸ்கோரை வைத்துக்கொண்டு, பாடகர்களுக்கு வாய்ப்பாடமாகவே வெர்டியின் ரெக்வியத்தைச் சொல்லிக்கொடுத்தார். காட்சிக்கூடத்தில் இவையெல்லாம் விரிவாக இருக்கின்றன. என் மனம் மட்டும் ஹாஸையே சுற்றிக்கொண்டிருந்தது.

டெரெசினுக்கு வந்த புதிதில் ஹாஸ் நோயும் மனச்சோர்வுமாகச் சுருண்டு கிடந்தார். கிடியோன் க்ளைன் அவரைவிட இருபது வயது இளையவர். அற்புதமான பியானோக் கலைஞர். ஹாஸ் போன்ற ஒருவர் எழுதாமல் இருப்பதைக் க்ளைனால் பொறுக்க முடியவில்லை. இசை எழுதும் தாள் அங்கே கிடைக்காது. ஒருநாள் வெற்றுத்தாள்களில் தம் கையாலேயே ஐந்தைந்து கோடுகளாகப் போட்டுக் கொண்டுவந்து ஹாஸின் முன்னால் வைத்தார். இனியும் நேரத்தை வீணாக்காதீர்கள் என்று வற்புறுத்தினார். ஹாஸ் எழுதத் தொடங்கினார். புறக்கணிக்கப்பட்ட இசையை மீட்டவர்களின் வரிசையில் முதல் பெயராக நான் க்ளைனைத்தான் வைப்பேன். இல்லாத இசையை யாரும் பின்னால் மீட்டிருக்க முடியாது.

1943-இல் ஹாஸ் எழுதியது ‘தந்தி வாத்தியங்களுக்கான பயிற்சி’. பெயர்தான் பயிற்சி, எட்டு நிமிடத்துக்குள் வேகமும் துக்கமும் நிரம்பிய முழுமையான படைப்பு. முகாமில் நடத்துநர் கரேல் ஆன்செர்ல் ஒரு தந்தி இசைக்குழு சேர்த்திருந்தார். 16 முதல் வயலின், 12 இரண்டாம் வயலின், 8 வியோலா, 6 செல்லோ. அடித்தளமாக ஒலிக்க வேண்டிய டபுள் பேஸ் ஒன்றே ஒன்று. 1944 கோடையில் நாஜிகள் உலகத்தை ஏமாற்ற எடுத்த பிரச்சாரப் படத்தில் இந்த இசையை வாசிக்கச் செய்தார்கள். வாத்தியக்காரர்களுக்குக் கறுப்புக் கோட்டு கொடுத்தார்கள். நடத்துநரின் கால் தெரியாமலிருக்க முன்னால் பூந்தொட்டிகள் அடுக்கினார்கள். படத்தின் துண்டுகள் எஞ்சியிருக்கின்றன. இசை முடிந்ததும் ஹாஸ் எழுந்து வணங்குவதை இன்றும் பார்க்கலாம்.

அக்டோபர் 16 அன்று ஹாஸ், கிராசா, உல்மன், க்ளைன், ஆன்செர்ல், ஷேக்டர் எல்லோரையும் ஒரே ரயிலில் ஆஷ்விட்ஸுக்கு அனுப்பினார்கள். அங்கே வரிசையில் ஹாஸ் ஆன்செர்லின் பக்கத்தில் நின்றார். ஆன்செர்லைத்தான் முதலில் சாவுப் பக்கம் அனுப்ப இருந்தார்கள். அந்த நொடியில் ஹாஸ் இருமியதால் அவரை அனுப்பிவிட்டார்கள். போருக்குப்பின் ஹாஸின் தம்பி ஹூகோவைச் சந்தித்தபோது ஆன்செர்ல் சொன்ன செய்தி இது. ஆன்செர்லின் மனைவியும் குழந்தையும் அங்கே கொல்லப்பட்டார்கள். அவர் பிழைத்தார். பின்னர் செக் ஃபில்ஹார்மோனிக்கை 1950 முதல் 1968 வரை நடத்தினார்.

பிழைத்து வந்த ஆன்செர்ல் டெரெசினில் தேடியபோது, ‘பயிற்சி’யின் வாத்தியத் தாள்கள் கிடைத்தன. ஹாஸ் கைப்பட எழுதிய முழு ஸ்கோர் இல்லை. தாள்களிலும் ஒன்று குறைந்தது: டபுள் பேஸின் தாள். ஒரே ஒருவர் வாசித்ததால் இருந்ததும் ஒரே ஒரு தாள்தான் போலும்.

நம் கச்சேரியில் ஒரு பக்கவாத்தியம் வராவிட்டால் மற்றவர்கள் மனோதர்மத்தில் சமாளித்துவிடுவார்கள். இங்கே அது நடக்காது. ஒவ்வொருவரும் வாசிக்கும் ஒவ்வொரு ஸ்வரமும் எழுதப்பட்டது. ஒரு வரி போனால் அந்த இடம் ஓட்டையாகவே இருக்கும். விடுபட்ட வரியை எழுதித் தந்தவர் லுபோமிர் பெடூட்சி. பிர்னோக்காரர், இளமையில் ஹாஸிடம் பாடம் கற்ற மாணவர், இசை ஆய்வாளர். செல்லோ எங்கே இறங்குகிறது, அந்த இடத்தில் ஹாஸின் மற்றப் படைப்புகளில் பேஸ் என்ன செய்திருக்கிறது, ஆசிரியர் இதை எப்படி எழுதியிருப்பார் என்பதெல்லாம் தெரிந்தவரால்தான் அது முடியும். தம் சாமர்த்தியத்தைக் காட்டாமல், ஆசிரியரின் கை எழுதியது போலவே எழுத வேண்டும். ஹாஸின் வாழ்க்கையையும் படைப்புகளையும் பற்றிய முதல் முழு நூலையும் பெடூட்சிதான் எழுதினார். அது 1993-இல் பிர்னோவில் வெளியானது. கம்யூனிச ஆட்சிக் காலத்தின் நீண்ட ஆண்டுகளில், உலகம் ஹாஸைக் கேட்காத நாட்களிலும் பெடூட்சி தம் ஆசிரியரை விடவில்லை.

இந்த இசையை மீட்டவர்களிடையே ஒரு சங்கடம் இருக்கிறது. யினோனின் ‘ஷர்லத்தான்’ பதிவு வெளிவந்த டெக்கா வரிசைக்குப் பெயரே ‘சீரழிந்த இசை’. நாஜிகளின் வசையையே எடுத்து அவர்கள் முகத்தில் எறிவது. அந்தப் பெயர் கவனத்தை ஈர்த்தது, தட்டுகள் விற்றன, ஆய்வுகள் நடந்தன. அதேசமயம் இசையமைப்பாளரின் பெயருக்கு முன்னால் கொலைகாரர்கள் வைத்த பெயர் வந்து நின்றுகொண்டது. செக் பெற்றோருக்குப் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்த வயலின் ஆசிரியர் யோஷா கராஸ், டெரெசின் இசையைப் பற்றி 1985-இல் எழுதிய நூல் இல்லாவிட்டால் இவர்களில் பலரை உலகம் அறிந்திருக்காது. ‘புருண்டிபாரை’ அமெரிக்காவில் நடத்தியவரும் அவர்தான். அந்தக் கடன் பெரியது. ஆனால் நூலும் அருங்காட்சியகமும் நினைவு நாளும் மட்டுமே போதும் என்று விட்டால், இந்த இசை ஆண்டுக்கு ஒருமுறை அஞ்சலிக் கூட்டத்தில் மட்டுமே ஒலிக்கும். ஹாஸ் அஞ்சலிக்காக எழுதியவர் அல்லர். மேட்டில் ஏறும் குதிரை வண்டியையும், சந்தைக்கூட்டத்தில் கத்தும் போலி வைத்தியனையும் எழுதியவர். வேறு எந்த இசையமைப்பாளரையும் போல வழக்கமான கச்சேரிகளில் அவர் வாசிக்கப்பட வேண்டும். பிடிக்கவில்லை என்று சொல்லும் உரிமையோடு நாம் அவரைக் கேட்க வேண்டும். அப்படிச் சொல்லிப் பார்க்க நினைத்தும் எனக்கு ‘பயிற்சி’யில் ஒரு நொடிகூட அலுக்கவில்லை.

கேட்க விரும்புகிறவர்கள் ‘குரங்கு மலைகளில்’ தொடங்கலாம், தாள வாத்தியங்களோடு வாசித்த பதிவில். பிறகு ‘ஷர்லத்தான்’, யினோனின் பதிவு. அடுத்து 1939-இல் எழுதிய ஓபோ–பியானோ தொகுப்பு. நாடு பறிபோன மாதங்களின் சினமும் செக் மக்களின் பழைய பக்திப்பாட்டின் சாயலும் அதில் இருக்கின்றன. அப்புறம் டெரெசினில் எழுதிய சீனக் கவிதைகளுக்கான நான்கு பாடல்கள். அவற்றை யாருக்காக எழுதினாரோ அந்தப் பாடகர் கரேல் பெர்மன் உயிர் பிழைத்துப் பின்னாளிலும் பாடினார். கடைசியாக ‘பயிற்சி’. அதில் வயலின்களின் வேகத்தில் மனம் போய்விடாமல், அடியில் நடக்கும் டபுள் பேஸையும் ஒருமுறை தனியாகக் காது கொடுத்துக் கேளுங்கள். அது பெடூட்சி எழுதியது.